பளபளக்காத பக்கம்

சி.டி. உள்ளே போய்ச் சுற்றுகிற சத்தம் கேட்டது, கர்ரென்று இழுத்துப் பிடித்து நின்றது, மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. கோகிலவாணி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, கடைக்காரர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மலையிறங்குகிற பஸ்ஸில் டிரைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிற மாதிரி. ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் இந்த ஜெராக்ஸ் கடை. நாச்சிமுத்து என்று பெயர், முன்னே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தாராம், கேட்காமலே சொன்னார். "பட்டியல் வருதுங்கம்மிணி, படந்தான் வரமாட்டீங்குது." அது அவளுக்கும் தெரியும். டாக்டர் ரூமிலும் இதையேதான் பார்த்துவிட்டு வந்தாள். திரை பூராவும் சின்னச் சின்னக் கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பெருக்கல் குறி, மேலே நிவிதா என்று பெயர், வயது மூன்று, பெண், எடுத்த தேதி, எடுத்த நேரம், எல்லாம் அச்சடித்த மாதிரி சரியாக இருக்கிறது, பிள்ளையின் தலை மட்டும் இல்லை. நரம்பு டாக்டர் மாசத்தில் இரண்டாம் சனிக்கிழமை மட்டும் கோயமுத்தூரிலிருந்து வருகிறவர், ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவார். அவர் கோபப்படக்கூட இல்லை. "ரிப்போர்ட் பேப்பர் எனக்குப் பத்தாது, படத்தை நான் பாக்கணும். வந்தா ஒண்ணரைக்குள்ள எப்ப வேணா உள்ள வாங்க. வரலைன்னா நாலு மணிக்கு இங்கயே மறுபடி எடுத்துரலாம், மயக்கம் குடுத்து, படம் எனக்கு வந்துரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார். மறுபடி எடுத்துரலாம். பாஸ்போர்ட் போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டால் மறுபடி எடுப்பார்களே, அந்த மாதிரி. அவர் சொல்லுவார், அவர் மடியிலா கிடத்திக் கொடுக்கப் போகிறார். மணி பன்னிரண்டு நாற்பது. "இன்னொரு டிரைவுல போட்டுப் பாக்கலாங்க, இது கொஞ்சம் கிழடு, என்னைய மாதிரி" என்றார் நாச்சிமுத்து. அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, எப்படிச் சிரிக்க வந்தது என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுபடி என்கிற அந்த ஒரு சொல்லில்தான் நினைப்பு போய் முட்டி முட்டித் திரும்பியது. மூன்று வாரத்துக்கு முன்னால், பிள்ளைக்கு வலிப்பு வந்ததற்காகச் சேலத்தில் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு ஒரு மூடியில் மருந்து ஊற்றிக் கொடுத்தார்கள், அம்மா கையால கொடுத்தா குடிச்சுக்கும் என்று. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. நர்ஸ் கொடுத்திருந்தால் நிவிதா தட்டிவிட்டிருப்பாள், வாயை இறுக்கியிருப்பாள், கடித்துக்கூட வைத்திருப்பாள். அம்மா கை என்பதால் வாயைத் திறந்தாள். "கசக்குதும்மா" என்றாள், முகத்தைச் சுளித்தாள், அப்போதும் மிச்சத்தைக் குடித்தாள். அதற்கப்புறம் மடியில் உட்கார்ந்து, தெருவில் கோழி ஒன்று வாத்துக்குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், "அந்தக் கோழி வந்து" என்றவள், அந்த வந்து-விலேயே நின்றுபோனாள். தூங்குகிற பிள்ளை ஒரு கனம், மயங்கின பிள்ளை வேறொரு கனம். தண்ணீர் நிரப்பின பாலிதீன் பை மாதிரி இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் வழிந்தது. கழுத்துக்கு ஒரு கை கொடுத்தால் கால் தொங்கியது, காலைச் சேர்த்துப் பிடித்தால் தலை பின்னால் போனது. இதற்கும் வலிப்பு வந்த அன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வலிப்பில் பிள்ளை விறைத்தாள், இதில் துவண்டாள், இரண்டிலும் உள்ளே ஆள் இல்லை. இதை அவள் தன் கையாலேயே வரவழைத்தாள் என்பதுதான் வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடும் என்றார்கள், நாலு மணி நேரம் ஆனது. "சிலதுக கொஞ்சம் லேட்டாகும்மா" என்றாள் நர்ஸ், பஸ்ஸைச் சொல்கிற மாதிரி. அந்த நாலு மணி நேரமும் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நீலமாகிறதா, வெளுக்கிறதா, இது வெளிச்சத்தினாலா, இல்லை நிஜமாகவே நிறம் மாறுகிறதா. கடைசியில் பிள்ளை கண்ணைத் திறந்து, அவள் முகத்தை முழுசாகப் பார்த்து, நன்றாகப் பார்த்துத்தான், "அத்தை" என்றது.

அத்தை என்றால் பாவாயி, கோகிலாவின் வீட்டுக்காரன் பூபதிக்கு அக்கா. கோகிலா கூப்பிடுவது நங்கை என்று. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒன்பது வருசம் இருந்துவிட்டு, வயிறு திறக்கவில்லை என்று அவர்கள் சொன்ன சொல்லைத் தாங்காமல் ஒரு டிரங்குப் பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். நல்லவள்தான். நல்லவள்தான் என்று கோகிலா பல பேரிடம் சொல்லியிருக்கிறாள், சொல்லும்போதெல்லாம் வாய்க்குள் கல் கடித்த மாதிரி இருக்கும். பூபதி போர் போடுகிற லாரியில் ஒடிசா, சத்தீஸ்கர் என்று எட்டு மாசம் வடக்கே கிடப்பவன், வீட்டில் இரண்டு பொம்பளைகளும் ஒரு பிள்ளையும், பிள்ளைக்கு இரண்டு மடி. எது எந்த மடி என்று பிள்ளைக்குக் கவலையில்லை, மடிகளுக்குத்தான் கவலை. இந்த சி.டி. வீட்டுக்கு வந்த அன்றைக்கே பாவாயி அதை வாங்கிப் போய் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். "வண்டிக்கு வெக்கறோம், பத்தரத்துக்கு வெக்கறோம், நம்ம புள்ள தலை உள்ள இருக்குது, இதுக்கு வெக்கக் கூடாதா?" என்று மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அல்ல, மூன்று வெள்ளிக்கிழமை, பொட்டின் மேல் பொட்டு, விளக்கெண்ணெயும் சேர்ந்து காய்ந்து, பெயர் எழுதின பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தடித்துப்போயிருந்தது. அவள்தான். அவள் வைத்த பொட்டினால்தான். கம்ப்யூட்டருக்குள் போகிற சாமானில் எவளாவது குங்குமம் வைப்பாளா. நாளைக்கு ஊசிக்கு வைப்பாள், மாத்திரைக்கு வைப்பாள். இன்றைக்குக் காலையில் பார்த்தாள் கோகிலா, விடியக்காலை ஐந்து மணிக்கு, பையில் வைக்க எடுத்தபோது, அந்தப் பொட்டைப் பார்த்ததும் பெரிய ஆஸ்பத்திரியில் இதை எப்படி நீட்டுவது என்று உடம்பே கூசிப்போனது, அதற்கப்புறம் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிக் குழாயில், அதற்கப்புறம், ஒன்றுமில்லை, அதற்கப்புறம் ஆறேகாலுக்கு பஸ் ஏறினார்கள். அவள் வைத்த பொட்டினால்தான்.

"எடுத்த எடத்துக்கே போன் போட்டீங்களா அம்மிணி? அவங்ககிட்ட ஒண்ணு இருக்குமல்ல" என்று கேட்டார் நாச்சிமுத்து. டாக்டர் ரூமை விட்டு வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் செய்தாள். "பத்து நாளைக்கு மேல வெக்கறதில்லீங்க, அதான் சி.டி. குடுத்துட்டமல்லங்க" என்றது ஒரு சின்னப்பெண் குரல், சாப்பிட்டுக்கொண்டே பேசிய குரல். பிலிமும் கொடுக்கவில்லையே என்றதற்கு, "இப்பல்லாம் யாருங்க பிலிம் கேக்கறாங்க" என்றது. எல்லாரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். எடுத்தவர்கள் சரி, கொடுத்தவர்கள் சரி, டாக்டர் சரி, கம்ப்யூட்டர் சரி. நாச்சிமுத்து சி.டி.யை வெளியே எடுத்துப் பளபளக்கிற பக்கத்தை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். "கண்ணாடியாட்ட இருக்குதே. ஒரு கீறல் இல்லை. கீறல் இருந்தாக்கூட பல் வெளக்கற பேஸ்ட்டைத் தடவித் தொடச்சு ஓட்டிரலாம், எத்தனை பேருக்குக் கல்யாண சி.டி. அப்படி ஓட்டிக் குடுத்திருக்கறேன் தெரியுமுங்களா." கோகிலாவுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது, இந்த நேரத்திலும். அந்தப் பக்கத்தை அவள் தொடவே இல்லை. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் வாத்தியார், முப்பது பிள்ளைகளுக்கு இரண்டே கம்ப்யூட்டர் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், ஒரு சி.டி.யை ஓரத்தில் மட்டும் விரல் வைத்துத் தூக்கிக் காட்டிச் சொன்னார்: எழுதியிருக்கறதெல்லாம் பளபளக்கற பக்கத்துலதான் இருக்கு, அதுல கைரேகை படக் கூடாது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது, இரண்டு மார்க், அவள் இரண்டும் வாங்கினாள். ஊருக்குள் ரேஷன் கார்டு திருத்தம், வாக்காளர் பட்டியல், எதுவென்றாலும் கோகிலாவைக் கேளு என்பார்கள். நங்கைக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"வருதுங்க, வருதுங்க" என்றார் நாச்சிமுத்து. வேறு ஏதோ ஒரு மென்பொருளைப் போட்டு ஒவ்வொரு படமாக இழுத்துக்கொண்டிருந்தார். முதல் கட்டத்தில் பெருக்கல் குறி போய்க் கறுப்பு வந்தது, கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அடுத்தது. அடுத்தது. கழுத்துப் பக்கமிருந்து மேலே போகிறதாம், வெள்ளரிக்காயை வில்லை போடுகிற மாதிரி ஒவ்வொரு வில்லையாக. இது தாடை, இது பல் வரிசை, இன்னும் வெளியே வராத பல்லெல்லாம் உள்ளே வரிசையாகக் காத்துக்கொண்டிருந்தது. ஆறு வயசில் விழுந்து முளைக்க வேண்டிய பல், இப்போதே ரெடியாக இருக்கிறது. எத்தனை ஏற்பாட்டோடு இருக்கிறது இந்த உடம்பு, யாரிடமும் கேட்காமல். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. அடுத்த வில்லையில் இரண்டு கண், உருண்டையாக, முட்டையை வேகவைத்து உரித்து வைத்த மாதிரி, இமை இல்லாமல், பார்வை இல்லாமல். நிவிதாவின் கண்ணா அது. அந்தக் கண்ணுக்கு மேலேதான் டாக்டருக்கு வேண்டியது இருக்கிறது, இன்னும் நாலு விரல்கடை மேலே போனால் போதும், போய்விடும், போய்க்கொண்டுதான் இருக்கிறது, இருபத்தொன்று, ஒன்றரைக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்கிறது, மயக்கம் வேண்டாம், அந்த மூடி வேண்டாம், கோழி வாத்துக்குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரியட்டும், கதை நிற்க வேண்டாம். இருபத்திரண்டில் பாதிப் படம் வந்தது. நெற்றிப் பக்கம் மட்டும் வந்து, அதற்குக் கீழே நேர்க்கோடு போட்டு அறுத்த மாதிரி வெறும் சாம்பல். கர்ர் என்றது. அடுத்த கட்டத்தில் பெருக்கல் குறி, அடுத்ததில் பெருக்கல் குறி, நூற்று எழுபது சொச்சம் பெருக்கல் குறி, கணக்கு டீச்சர் கோபத்தில் போட்டுத் தள்ளின மாதிரி.

நாச்சிமுத்து சி.டி.யை எடுத்தார், இந்த முறை திருப்பினார், பெயர் எழுதின பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இங்க வாங்க." போனாள். அந்த வட்டத்தில் ஓரமாகப் பொட்டு இருந்த இடத்தில் வெயில் தெரிந்தது. பொத்தல் பொத்தலாக, சலித்த மாதிரி. "வெளிச்சம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வருது பாருங்க. வரக் கூடாது. கீழ்ப் பக்கம் வெறும் பிளாஸ்டிக்குங்க, எத்தனை தடிமன் பாருங்க, கீறுனாலும் தாங்கும். படமெல்லாம் இருக்கறது இந்த மேல் பக்கத்துக்கு ஒட்டி, பேர் எழுதியிருக்குதே, அதுக்கு அடியிலயே, மயிரிழை கனத்துல. இதை யாரோ கரகரப்பான எதையோ போட்டுத் தேச்சிருக்கறாங்க. உரிஞ்சு போச்சு. உரிஞ்சதை ஒட்ட முடியாதுங்க." அவள் மஞ்சள்தான் வைத்தார்கள் என்றாள். வீட்டில் அக்கா ஒருத்தர் பொட்டு வைத்துவிட்டார்கள் என்றாள். "பொட்டு வெச்சா ஒண்ணும் ஆகாதுங்களே. ஈரத் துணில தொடச்சாப் போயிருக்கும். இல்லை, போகாட்டித்தான் என்ன, பொட்டோடயே உள்ள போட்டிருந்தாக்கூட ஓடியிருக்கும்." பொட்டோடயே ஓடியிருக்கும். இப்போது அந்தப் பொடக்காலிக் குழாய் அவளைச் சுற்றிவந்து எதிரே நின்றது, இனித் தாண்டிப் போக வழியில்லை. ஐந்து மணி, இருட்டு பிரியவில்லை, முந்தானையில் துடைத்தாள், போகவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு. விரலால் சுரண்டினாள், பாதி போனது, மீதி சிவப்பாகத் தீற்றிக்கொண்டு இன்னும் அசிங்கமாக இருந்தது. டாக்டர் பார்ப்பார், நர்ஸ் பார்ப்பாள், இவர்கள் எந்தக் காட்டிலிருந்து வந்தவர்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்கள். குழாயடியில் கிடந்தது பாத்திரம் தேய்க்கிற பச்சை நார். பளபளக்கிற பக்கத்தில் கை படக் கூடாது என்று உள்ளங்கையில் சுத்தமான துண்டை விரித்து, அதன்மேல் சி.டி.யைக் கவிழ்த்து வைத்து, அத்தனை பத்திரமாக, இந்தப் பக்கத்தை மட்டும் நாரால் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பொட்டுப் போனது. பொட்டோடு சேர்ந்து வெள்ளி மாதிரி எதுவோ பொடிப் பொடியாகத் தண்ணீரில் போனது, அதையும் பார்த்தாள், பெயிண்ட் என்று நினைத்தாள். நங்கைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டே தேய்த்தாள். படிக்காதவளாக இருந்திருந்தால் பொட்டோடு கொண்டுவந்து நீட்டியிருப்பாள். படம் வந்திருக்கும்.

போன் அடித்தது. பூபதி. பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல், எங்கோ யாருடைய காட்டிலோ ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் தேடிக்கொண்டிருந்தான். "டாக்டர் என்ன சொன்னாரு?" படம் வரவில்லை என்றாள். மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டும் என்றாள். "ஏன் வரலை? என்ன ஆச்சு அதுக்கு?" நாச்சிமுத்து மூன்றடி தள்ளி நின்று ஒரு காகிதக் கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார், அவர் காது இங்கேதான் இருந்தது. சொல்லிவிடலாம். நான் நாரைப் போட்டுத் தேய்த்தேன் என்று நாலு வார்த்தை. வாயைத் திறந்தபோதும் அதைச் சொல்லத்தான் திறந்தாள் என்று அவள் பின்னாளில் தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிக்கொள்ளப் போகிறாள். "உங்கக்கா அதுமேல மஞ்சளும் குங்குமமும் வெச்சுத் தொலைச்சிருக்கறாங்க" என்றது வாய். அது பொய்யும் இல்லை. வைத்தார்கள்தானே. "அவளுக்கு அறிவிருக்குதா? சாமி மாடத்துல எதை வெக்கறதுன்னு ஒரு இது இல்லையா? நீ இருந்து என்ன பண்ணுனே?" "நான் எதையுங்க பாக்கறது, புள்ளையப் பாப்பனா, உங்கக்காளப் பாப்பனா." "வெய்யி, அவளுக்குப் போட்டுக்கறேன்." வைத்துவிட்டான். நாச்சிமுத்து சி.டி.யை ஒரு பழைய உறையில் போட்டு நீட்டினார். எவ்வளவு ஆச்சுங்கண்ணா என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார், பிள்ளைமேல் உள்ள பரிவு அதில் பாதிதான் இருந்தது, மீதி பாதி என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குப் பதில் முழு ரூபாயையும் வாங்கியிருக்கலாம் அவர்.

ரோட்டைத் தாண்டினாள், இரண்டு பஸ்ஸுக்கும் ஒரு ஆட்டோவுக்கும் நடுவில் எப்படித் தாண்டினாள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி வரிசைக் கடைசியில் பாவாயி உட்கார்ந்திருந்தாள், மடியில் நிவிதா, நிவிதாவின் கையில் மருந்துச் சீட்டு, அதைக் கப்பல் மாதிரி ஏதோ செய்துகொண்டிருந்தாள். பாவாயி காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தாள், தம்பியின் குரல் தூரத்திலிருந்தே கரகரவென்று கேட்டது. "ஆமாஞ்சாமி. நாந்தான் வெச்சேன். எனக்குத் தெரியலை சாமி. சரி. சரி, சரி, புள்ளைக்குக் கேக்குது, மெதுவாப் பேசு." வைத்தாள். கோகிலா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பேச வேண்டும், முதலில் பேசிவிட வேண்டும், பேசுகிறவள் கை மேலே இருக்கும். "கடைக்காரர் என்னென்னமோ பண்ணிப் பாத்தாருங்க நங்கை. பாதி வந்துது. கண்ணு வரைக்கும் வந்துது." பாவாயி தலையாட்டினாள். மூக்குத்தி மட்டும் ஒருமுறை மினுங்கியது. பிள்ளையின் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, சாதாரணமாக, கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "காத்தால நீ நாரைப் போட்டுத் தேச்சுட்டிருந்தயே, அப்ப நான் வாசல் கூட்டிட்டு அந்தச் சந்துலதான் நின்னேன். பொட்டு வெச்சது தப்பாட்ட இருக்குது, படிச்ச புள்ள, அவளுக்குத் தெரியும்னு சும்மா இருந்துட்டேன்." கோகிலாவுக்குக் காதுக்குள் கம்ப்ரஸர் இரைந்தது. "அவருகிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க" என்றாள், அவள் குரலா அது. "சொல்லி? அவன் அங்கிருந்து உன்னைய நாலு பேசுவான். நீ அழுவே. அதுல யாருக்கு என்ன ஆகப்போகுது." பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே, "எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கந்தான்" என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். ஊரைக் கூட்டியிருந்தால் தானும் கூட்டலாம். இப்படி ஒன்றை எடுத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறவளை என்ன செய்வது. நாளைக்கும் செருகியிருப்பாள், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறபோதும், பெரியவளாகிறபோதும், ஒருநாளும் அவிழ்த்துக் காட்ட மாட்டாள், அவள் நல்லவள், அதுதான் கொடுமை.

ஸ்கேன் ரூம் பக்கமிருந்து நர்ஸ் ஒருத்தி கையில் அட்டையோடு வந்தாள். "நிவிதா யாரு? டாக்டர் எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பிட்டார். நாலு மணிக்கு ஸ்கேன், இப்ப எடை பாக்கணும், ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க. அவங்களே மருந்து குடுக்கறப்பவும் கூட இருந்துக்கலாம்." கோகிலா எழுந்தாள். பாவாயி எழவில்லை, பிள்ளையையும் இறக்கவில்லை, நிமிர்ந்து பார்த்தாள். "நான் போறேன் அம்மிணி" என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். பல வருசமாக அந்த வீட்டில் கோகிலா கேட்டிராத குரல் அது, கெஞ்சல் இல்லாதது. பெற்றவள் நான் என்று சொல்ல வேண்டும், இந்தத் துவளுகிற கனம் என் கைக்குத்தான் தெரியும், பயமானாலும் அது என் பயம், எவளுக்கும் தரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். வார்த்தை எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது, படம்தான் வரவில்லை. காலை இடப்பக்கம் நகர்த்தி வழி விட்டாள். பாவாயி பிள்ளையை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தாள், நிவிதா மருந்துச் சீட்டை அவள் ரவிக்கைக்குள் செருகப் பார்த்துச் சிரித்தாள். "காலைல இருந்து பாப்பா என்ன சாப்பிட்டா? சரியாச் சொல்லணும், மயக்க மருந்து விசயம்" என்று நர்ஸ் அட்டையில் பேனாவை வைத்தாள். இதற்காவது பதில் சொல்லலாம் என்று கோகிலா முன்னால் வந்தாள். "ஏழரைக்கு பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி" என்று தொடங்கினாள். "ஒண்ணரை இட்லிங்க, பாதியைத் துப்பிட்டா" என்றாள் பாவாயி. "பதினோரு மணிக்கு அரை டம்ளர் மோர்." நர்ஸ் கோகிலாவைப் பார்க்காமல் எழுதிக்கொண்டாள். மோர் கொடுத்தது கோகிலாவுக்குத் தெரியாது.